பழைய ஸ்கூல் கூட்டாளிகளை அம்பது வயசுல தேடிக் கண்டுபிடிச்சு ஒண்ணு சேர்க்கிறது எப்படி: முழு வழிகாட்டி

ஸ்கூல் முடிச்சு முப்பது முப்பத்தஞ்சு வருசம் ஆச்சு, பிள்ளைங்க தலையெடுத்துட்டாங்க, இப்பதான் கூடப் படிச்சவங்க எல்லாம் எங்க இருக்காங்க என்ன பண்றாங்கன்னு மனசு தேடுதுன்னா இது உங்களுக்குத்தான். நான் படிச்சது அம்பாசமுத்திரம் பக்கத்துல ஒரு அரசு மேல்நிலைப் பள்ளி, 1989ல பத்தாவது எழுதுன செட்டு. எங்க ஆளுங்களைத் தேடுனதுல தெரிஞ்சுக்கிட்டதையும், பக்கத்து ஊர் செட்டுங்க எல்லாம் எப்படிப் பண்ணாங்கன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதையும் வரிசையா எழுதுறேன், ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும் ஆனா வேலை ஒண்ணுதான்.

ஒரு விஷயத்தை மட்டும் முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா கீழ வர்ற எல்லாமே இதை வச்சுத்தான். செட்டுன்னா பத்தாவது பாஸ் பண்ணவங்க மட்டும் கிடையாது. ஆறாங்கிளாஸ்ல நம்மகூட சேர்ந்து எட்டாவதோட நின்னு பீடி சுத்தப் போன பிள்ளையும் நம்ம செட்டுதான், ஒன்பதாவதுல ஃபெயிலாகி பம்பாய்க்கு ரயில் ஏறிப் போனவனும் நம்ம செட்டுதான். நிறைய இடத்துல முன்னாள் மாணவர் சந்திப்புன்னு பேப்பர்ல போட்டோ வருது, பார்த்தா பேங்க் மேனேஜர், வாத்தியார், இன்ஜினியர், ரெண்டு டாக்டர், அவ்வளவுதான். மீதிப் பேர் எங்க? அவங்களுக்குத் தகவல் போயிருக்கும், "நாம அங்க போயி என்னத்தச் சொல்ல"ன்னு வராம இருந்திருப்பாங்க. அந்த ஆளுங்க தயங்காம வந்து நம்ம பக்கத்துல உக்காரணும், அதை மனசுல வச்சுக்கிட்டுத்தான் ஒவ்வொரு வேலையையும் செய்யணும்.

முதல் படி: குரூப் வேண்டாம், ஒரே ஒரு ஆளுக்குப் பேசுங்க

எல்லாரும் எடுத்த எடுப்புல வாட்ஸப் குரூப் ஆரம்பிச்சிடுறாங்க. வேண்டாம். முதல்ல யாரோ ஒருத்தர், நம்பர் கையில இருந்தும் பல வருசமா பேசாம விட்டுட்டோமே அப்படி ஒருத்தர் கண்டிப்பா இருப்பாங்க, அவங்களுக்குப் பேசுங்க. இதுலதான் நிறையப் பேர் நின்னுடுறாங்க. இத்தனை வருசம் கழிச்சுக் கூப்பிட்டா ஏதோ கடன் கேக்கத்தான் கூப்பிடுறான்னு நினைப்பாங்களோ, ஞாபகம் இல்லன்னு சொல்லிட்டா அசிங்கமா போயிடுமேன்னு மனசு பின்வாங்கும். இது உலகம் பூரா இருக்கிற தயக்கம்தான். கனடாவுல சைமன் ஃப்ரேசர் யுனிவர்சிட்டி, இங்கிலாந்துல சசெக்ஸ் யுனிவர்சிட்டி ஆளுங்க சேர்ந்து பண்ண ஆராய்ச்சி 2024ல வந்துச்சு, பழைய நண்பரோட நம்பரும் இருக்கு, பேச ஆசையும் இருக்கு, மெசேஜ் எழுதவும் டைம் குடுத்தாச்சு, அப்பவும் மூணுல ஒரு பங்கு ஆளுங்க கூட அனுப்பலயாம். அவங்களே ஒரு வழியும் கண்டுபிடிச்சாங்க, முதல்ல இப்ப பழக்கத்துல இருக்கிற ரெண்டு மூணு பேருக்குச் சும்மா நலம் விசாரிச்சு மெசேஜ் போட்டுட்டு அந்தச் சூட்டோட பழைய ஆளுக்குப் போட்டா அனுப்புறவங்க எண்ணிக்கை நல்லாவே கூடுச்சு. செஞ்சு பாருங்க, கை பழகிட்டா தயக்கம் குறையும்.

மெசேஜ்ல என்ன எழுதணும்? "ஹாய், எப்படி இருக்கீங்க, ஞாபகம் இருக்கா"ன்னு மட்டும் போட்டா ஏமாத்துக்காரன்னு நினைச்சு பிளாக் பண்ணிடுவாங்க. நீங்க யாரு, எந்த வருசம், எந்த செக்‌ஷன், அப்புறம் உங்க ரெண்டு பேருக்கு மட்டுமே தெரிஞ்ச ஒரு சங்கதி. இந்த மாதிரி: "எலேய், நாந்தாம்ல, பத்தாவது பி, ஜன்னல் ஓரத்து ரெண்டாம் பெஞ்சு. மழையில சைக்கிள் செயின் அறுந்து ஆத்துப்பாலம் வரைக்கும் ரெண்டு பேரும் உருட்டிட்டுப் போனோமே. சும்மாதான் கேட்டேன், நல்லா இருக்கியா? டைம் கிடைக்கும்போது பேசு, அவசரம் ஒண்ணும் இல்ல." அந்தக் கடைசி வரி முக்கியம், எதுவும் வேணும்னு வரலன்னு அதுலயே தெரிஞ்சிடும். கூடப் படிச்ச பொம்பளப் பிள்ளைங்களுக்கு ஆம்பளைங்க எழுதும்போது எலேய் எல்லாம் வேண்டாம், "வணக்கம், நீங்க 89 செட் பத்தாவது பி செக்‌ஷன்தானே, நான் இன்ன ஊர் இன்னார் மகன், நம்ம செட் ஆளுங்களைச் சேர்க்கிறோம், உங்க கிளாஸ் தோழி இன்னாரும் பேசுவாங்க"ன்னு மரியாதையா எழுதுங்க. அந்த ஃபோனை வீட்டுக்காரரோ பையனோ கூட எடுத்துப் படிக்கலாம், யார் படிச்சாலும் சங்கடம் வராத மாதிரி இருக்கணும். முடிஞ்சா பொம்பளைங்களுக்குப் பொம்பளைங்களே முதல்ல பேசுறது ரொம்ப நல்லது.

ரெண்டாவது: ஒரு நோட்டுப் போட்டு பேர் எழுதுங்க

ரெண்டு மூணு பேர் சேர்ந்ததும் ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்குங்க. எக்ஸெல் தெரிஞ்சா அதுல பின்னாடி ஏத்திக்கலாம், ஆனா முதல்ல நோட்டுதான், ஏன்னா அதை டீக்கடைக்கும் கோயிலுக்கும் எடுத்துட்டுப் போயி நாலு பேர்கிட்ட காட்டலாம். பேர், அப்பா பேர், படிச்ச காலத்துல இருந்த ஊரு தெரு, இப்ப இருக்கிற இடம், யார் மூலமா தெரிஞ்சது, இதுக்கெல்லாம் கட்டம் போட்டுக்கோங்க. அப்பா பேர் கண்டிப்பா வேணும், ஒரே கிளாஸ்ல மூணு குமார் ரெண்டு இசக்கியம்மா இருந்திருப்பாங்க, இனிஷியலை வச்சுத்தான் பிரிக்க முடியும்.

பேர் எல்லாம் எங்க இருந்து கிடைக்கும்? கிளாஸ் குரூப் போட்டோ முதல்ல. வீட்டுல பரண்ல, அம்மா டிரங்குப் பெட்டியில கிடக்கும், இல்லன்னா அன்னைக்கு எடுத்த ஸ்டூடியோக்காரர் மகன் கடை நடத்துறாரான்னு பாருங்க. அடுத்து ஆட்டோகிராஃப் நோட்டு, கடைசி நாள்ல எல்லாரும் கவிதையோட வீட்டு அட்ரஸும் எழுதிக் குடுத்திருப்பாங்க, பொம்பளப் பிள்ளைங்க அதைப் பத்திரமா வச்சிருப்பாங்க. ஸ்கூல்ல சேர்க்கைப் பதிவேடு இருக்கும், அதை அழிக்க மாட்டாங்க, ஆனா அதுல இருக்கிற பிறந்த தேதி, சாதி எல்லாம் அவங்கவங்க சொந்த விவரம், அதனால அதைக் காப்பி கேக்காதீங்க. ஹெச்எம்மைப் பார்த்து ஒரு லெட்டர் குடுத்து, நாங்க எழுதுன பேர் எல்லாம் சரியா, விட்டுப் போனது யாராவது உண்டான்னு மட்டும் சரிபார்த்துச் சொல்லச் சொன்னா நல்ல ஹெச்எம் ஒத்துக்குவாங்க.

எங்களுக்கு எல்லாத்தையும் விட உதவுனது அட்டெண்டன்ஸ் வரிசைதான். தினமும் காலையில அஞ்சு வருசம் கேட்ட பேர் வரிசை, அது சில பேர் மண்டையில அப்படியே உக்காந்திருக்கும். எங்க செட்டுல பத்தாவது ஃபெயிலாகி அதோட நின்னுட்ட ஒருத்தன், இப்ப ரைஸ்மில்லுல மூட்டை தூக்குறான், அவன்கிட்ட கேட்டப்ப தூணுல சாஞ்சுக்கிட்டு கண்ணை மூடி "அருணாசலம் உள்ளேன் ஐயா, அந்தோணிசாமி உள்ளேன் ஐயா"ன்னு ஆரம்பிச்சு, ஆளுக்கு ஆள் குரலை மாத்தி மாத்தி, பையன்கள் முடிச்சு பொம்பளப் பிள்ளைங்க வரைக்கும் தட்டாம சொல்லி முடிச்சான், டபுள் எம்ஏ படிச்ச நாங்க நோட்டுல எழுத முடியாம ஓடுனோம். நடுவுல ஒருத்தி பேரைச் சொல்லிட்டு "இவ ஏழாப்புலயே நின்னுட்டா, ஆனா சார் ரொம்ப நாள் பேரை அடிக்காமலே கூப்பிட்டாரு"ன்னான். அந்த மாதிரி ஆளு ஒவ்வொரு செட்டுலயும் உண்டு, அனேகமா அவர் மார்க் வாங்குன ஆளா இருக்க மாட்டார், அவரைக் கண்டுபிடிங்க.

மூணாவது: தேடுறது

முதல்ல ஊர்ல தேடுங்க, அப்புறம் ஃபேஸ்புக். ஊரை விட்டுப் போகாத நாலு பேர் இருப்பாங்க, மளிகைக் கடை, மெடிக்கல் ஷாப், சைக்கிள் கடை, ரேஷன் கடை, இவங்களுக்குத் தெரியாத குடும்பம் கிடையாது. எங்க பக்கம் பீடிக் கடைக்காரருக்கும் நிறையத் தெரியும், எந்த வீட்டுப் பொண்ணை எந்த ஊருக்குக் கட்டிக் குடுத்தாங்க, இப்ப யாரு வந்து தட்டுல பீடி குடுத்துட்டுப் போறா எல்லாம் அவருக்கு அத்துபடி. ஆம்பளைங்கன்னா வேற வழி, தென்காசி திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள் அப்ப எங்க போனாங்கன்னு யோசிங்க, சென்னையில மளிகைக் கடைக்கு, தாராவிக்கு, திருப்பூருக்கு, கேரளாவுக்கு, கொஞ்சப் பேர் கல்ஃபுக்கு. யாரும் தனியா போகல, ஊர்க்காரர் யாரோதான் கூட்டிட்டுப் போயிருப்பாங்க, அந்த அண்ணாச்சியைப் பிடிச்சா ஆள் கிடைச்சிடுவார்.

எங்க ஊர்ப் பக்கம் தேடுறதுக்கு ஒரு அருமையான நாள் பங்குனி உத்திரம். எங்க இருந்தாலும் குலதெய்வம் சாஸ்தா கோயிலுக்கு அன்னைக்கு வந்துடுவாங்க, வருசம் பூரா ஃபோன்ல கிடைக்காத ஆளு குடும்பத்தோட மரத்தடியில பொங்கல் வச்சிட்டு இருப்பார். யார் எந்த சாஸ்தான்னு தெரிஞ்சா போதும், நோட்டை எடுத்துட்டுப் போங்க. ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவும் அப்படித்தான், வரி பிரிக்கிற நிர்வாகிகிட்ட வெளியூர்ல இருக்கிறவங்க நம்பர் எல்லாம் இருக்கும். சர்ச்ல அசனம்னு பொது விருந்து நடக்கும்போதும் வெளியூர் ஆளுங்க வருவாங்க.

ஃபேஸ்புக்ல தேடும்போது இங்கிலீஷ் ஸ்பெல்லிங்தான் படுத்தும். ழகரத்துக்கு ஒருத்தர் இசட்டு ஹெச்சு போடுவார், இன்னொருத்தர் வெறும் எல்லு, தமிழ்ச்செல்வன்ங்கிற பேரை எத்தனை விதமா எழுதலாம்னு நீங்களே எழுதிப் பாருங்க, எல்லாத்தையும் போட்டுத் தேடுங்க, தமிழ் எழுத்துலயும் ஒரு தடவை போடுங்க. அதுலயும் கிடைக்கலன்னா ஊர்ப் பேர்ல இருக்கிற ஃபேஸ்புக் குரூப்ல குரூப் போட்டோவைப் போடலாம், ஆனா போட்டோவுல இருக்கிறவங்க பேரையும் இப்ப இருக்கிற விவரத்தையும் பொதுவுல எழுதாதீங்க, "இந்த செட் ஆளுங்க இருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க" அது போதும்.

பொம்பளைங்களைக் கண்டுபிடிக்கிறது கஷ்டம், அதுக்காக விட்டுடாதீங்க. கல்யாணத்துக்கு அப்புறம் இனிஷியல் மாறிடும், ஊர் மாறிடும், ஃபேஸ்புக்ல இருந்தாலும் பேரன் போட்டோவோ சாமி படமோதான் வச்சிருப்பாங்க. அவங்க அண்ணன் தம்பி வழியா போறதுதான் நேர் வழி. அண்ணன்கிட்ட கேக்கும்போது "தங்கச்சி நம்பர் குடு"ன்னு கேக்காதீங்க, "எங்க நம்பரைத் தங்கச்சிகிட்ட குடுங்க, விருப்பம் இருந்தா பேசட்டும், இன்ன தோழி நம்பரும் இருக்கு"ன்னு குடுத்துட்டு வந்துடுங்க. அவங்க முடிவு பண்ணட்டும். வாக்காளர் பட்டியல்ல தேடுறதும் ஒரு வழி, எஸ்ஐஆர்னு வாக்காளர் பட்டியலைத் திருத்துனப்ப 2002, 2005 பட்டியலை எல்லாரும் தேடுனோமே, அதுல அப்பா பேரோட தெருவோட இருக்கும், ஆனா அதை வச்சு எந்த ஊர்ல விசாரிக்கிறதுன்னு முடிவு பண்ணலாமே தவிர ஒரு பொண்ணு வீட்டு வாசல்ல சொல்லாமக் கொள்ளாம போயி நிக்கக் கூடாது.

கிடைச்சும் "எனக்கு விருப்பம் இல்ல"ன்னு சொல்றவங்க இருப்பாங்க. ஸ்கூல்ல அவங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு நமக்குத் தெரியாது, பிரம்படி வாங்குனது, சத்துணவுத் தட்டோட வரிசையில நின்னதைக் கிண்டல் பண்ணது, தெருவை வச்சு ஒதுக்குனது, இதெல்லாம் நமக்கு மறந்திருக்கும், பட்டவங்களுக்கு மறக்காது. சத்துணவு 1982 ஜூலைல ஆரம்பிச்சு 1984ல பத்து வயசுல இருந்து பதினஞ்சு வயசு வரைக்கும் நீட்டுனாங்க, அதாவது நாங்க ஆறாங்கிளாஸ் சேர்ந்த வருசம், அந்தச் சாப்பாடு இல்லன்னா பாதிப் பேர் ஸ்கூலுக்கே வந்திருக்க மாட்டாங்க, அப்படியும் அதைச் சாப்பிட்டவங்களைக் கேலி பண்ணவங்க இருந்தாங்க. அதனால வரலன்னு சொன்னா ஏன்னு குடையாதீங்க. "சரி, எப்ப தோணுதோ அப்ப கூப்பிடுங்க"ன்னு விட்டுடுங்க. ஒரு வருசம் கழிச்சு அவங்களா கூப்பிட்ட கதையும் உண்டு.

நாலாவது: முதல் ஃபோன் பேச்சு

அம்பது வயசுல ஒருத்தரோட வாழ்க்கை எப்படிப் போயிருக்கும்னு நமக்குத் தெரியாது. அதனால பேச்சு ஆரம்பிக்கும்போது என்ன வேலை, எத்தனை பிள்ளைங்க, பையன் எங்க செட்டில் ஆயிருக்கான், சொந்த வீடா, இந்த நாலு கேள்வியும் வேண்டவே வேண்டாம். வீட்டுக்காரர் இறந்தவங்க இருப்பாங்க, பிள்ளை இல்லாதவங்க, பிரிஞ்சு வாழ்றவங்க, தொழில்ல எல்லாத்தையும் விட்டவங்க இருப்பாங்க. பழசுல இருந்து ஆரம்பிங்க, ஸ்கூல் வாசல்ல கொடுக்காப்புளி வித்த ஆச்சி, வெள்ளிக்கிழமை டிரில் பீரியடு, இதைப் பேசப் பேச அவங்களே இப்போதைய கதையைச் சொல்லுவாங்க, சொல்லலன்னாலும் குறையில்ல.

பட்டப்பேர்ல ஜாக்கிரதை. சில பேருக்கு அதைக் கேட்டாத்தான் சந்தோசம், சில பேருக்கு அது முப்பத்தஞ்சு வருசத்துக் காயம். நிறத்தையோ உடம்பையோ திக்குவாயையோ வீட்டுத் தொழிலையோ வச்சு வந்த பேரை யாரும் திரும்ப எடுக்கக் கூடாது, அவங்களா சொன்னாத்தான்.

இன்னொண்ணு, புதுசா ஒரு நம்பர்ல இருந்து "நான்தான் உன் பழைய ஃப்ரெண்டு, ஆஸ்பத்திரியில இருக்கேன், அவசரமா பணம் அனுப்பு"ன்னு வந்தா ஒரு ரூபா போடாதீங்க. குரூப்ல எடுத்த பேரையும் போட்டோவையும் வச்சே இப்படிக் கேக்குறாங்க. திரும்பக் கூப்பிட்டு நம்ம கிளாஸ் டீச்சர் யாரு, பக்கத்துல உக்காந்தது யாருன்னு கேளுங்க. பணம் போயிடுச்சுன்னா உடனே 1930க்கு ஃபோன் பண்ணுங்க, சீக்கிரம் சொன்னா அக்கவுண்டை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு.

அஞ்சாவது: இப்ப குரூப்

ஒரு இருபது பேராவது நேர்ல பேசி, அவங்க சம்மதம் கேட்ட பிறகு குரூப் ஆரம்பிங்க. சம்மதம் கேக்காம சேர்க்காதீங்க, ஏன்னா குரூப்ல சேர்த்த உடனே எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். நம்பர் தெரிய வேண்டாம்னு நினைக்கிற தோழிகளுக்கு ஒரு வழி இருக்கு, வாட்ஸப்ல கம்யூனிட்டின்னு ஒண்ணு ஆரம்பிச்சா அதோட அறிவிப்புக் குரூப்ல அட்மின் தவிர மத்தவங்களுக்கு நம்பர் தெரியாது. தேதி, இடம், யாருக்காவது உடம்பு சரியில்லன்னா தகவல், இதை அதுல போடலாம், அரட்டைக்கு வேற குரூப். பொம்பளைங்களுக்குத் தனியா ஒண்ணு இருந்தா அங்கதான் நிஜமான பேச்சு நடக்கும், அதை அவங்களே நடத்தட்டும். அட்மின் ரெண்டு மூணு பேர் இருங்க, அதுல ஒருத்தராவது பொம்பளையா இருக்கட்டும்.

குரூப்பைக் கெடுக்கிறது மூணு. கட்சி, சாதி, வியாபாரம். எங்க மாவட்டத்துல சாதி எவ்வளவு சீக்கிரம் பத்திக்கும்னு சொல்லத் தேவையில்ல, தலைவர் படம், குருபூஜை போஸ்டர், எங்காளு உங்காளு பேச்சு எதுவும் குரூப்புக்குள்ள வரக்கூடாதுன்னு முதல் நாளே எழுதிப் போட்டுடுங்க, மீறுனா அட்மின் தனியா ஃபோன் பண்ணி சொல்லணும், எல்லார் முன்னாடியும் திட்டக் கூடாது. இன்சூரன்ஸ், பிளாட் விற்பனை, சங்கிலி வியாபாரம் இதுக்கும் அதேதான், கூட்டாளிகிட்ட முடியாதுன்னு சொல்லவும் முடியாம வாங்கவும் முடியாம நிறையப் பேர் சத்தமில்லாம வெளிய போயிடுவாங்க. குட் மார்னிங் படத்தையும் குறைச்சுக்கோங்க, சின்ன ஃபோன் வச்சிருக்கிறவங்களுக்கு மெமரி ஃபுல்லாயிடும். ஸ்மார்ட்ஃபோனே இல்லாதவங்க இருப்பாங்க, அவங்க ஒவ்வொருத்தருக்கும் குரூப்ல இருக்கிற ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்க, என்ன தகவல் வந்தாலும் அந்த ஆள் ஃபோன் பண்ணிச் சொல்லணும்.

ஆறாவது: நேர்ல சந்திக்கிற நாள்

தேதி பார்க்கிறதுதான் பெரிய வேலை. பங்குனி உத்திரத்துக்கு எல்லாரும் ஊர்லதான் இருப்பாங்க, ஆனா அப்ப ஸ்கூல்ல பப்ளிக் எக்ஸாம் நேரம், இடம் கிடைக்காது. மே மாசம் வெயிலும் கல்யாணமும். எனக்குப் பட்டது டிசம்பர் கடைசி வாரம், அரையாண்டு லீவு, மார்கழிங்கிறதால முகூர்த்தம் கிடையாது, 24, 25, 31 மூணு நாளையும் விட்டுடுங்க, கிறிஸ்தவக் கூட்டாளிகள் வர முடியாது. ஐயப்பனுக்கு மாலை போட்டவங்க இருப்பாங்க, சாப்பாட்டுல அதைப் பார்த்துக்கோங்க. மழை வரலாம், கூரை உள்ள இடமா இருக்கணும். சென்னை, பம்பாய்ல இருந்து வர்றவங்களுக்கு ரயில் டிக்கெட் வேணும், 2024 நவம்பர்ல இருந்து ரிசர்வேஷன் 60 நாளுக்கு முன்னாடிதான் திறக்குது, அதனால அதுக்கும் ஒரு மாசம் முன்னாடியே தேதியைச் சொல்லிட்டா டிக்கெட் திறக்கிற அன்னைக்கே போட்டுடலாம்.

இடம் ஸ்கூல்தான். குத்தாலத்துல ரிசார்ட் போடலாம், பாபநாசத்துல போடலாம்னு யாராவது சொல்லுவாங்க, எனக்கு அதுல உடன்பாடே இல்ல. ரிசார்ட்னா பணம் கூடும், பாட்டில் வரும், பொம்பளைங்க வர மாட்டாங்க, மூட்டை தூக்குறவன் அந்த வாசல்லயே தயங்கி நிப்பான். ஸ்கூல் வாசல் எல்லாருக்கும் சமம். ஹெச்எம்கிட்ட எழுத்துல அனுமதி வாங்குங்க, லீவு நாள்ல திறந்து விடுற வாட்ச்மேனுக்கும் துப்புரவு அம்மாவுக்கும் அந்த நாளுக்கு உரியதைக் குடுத்துடுங்க, கழிப்பறை சுத்தமா தண்ணியோட இருக்கான்னு முந்தின நாளே பாருங்க.

பணம் பத்தி ரொம்ப யோசிக்கணும். தலைக்கு ஆயிரம் ரெண்டாயிரம்னு சொன்னா அன்னாடம் சம்பளக்காரங்க "அன்னைக்கு வேலை இருக்கு"ன்னு சொல்லிடுவாங்க, அவங்களுக்கு அன்னைக்குக் கூலியும் போகுதே. ஒரு குறைஞ்ச தொகை, இல்ல முடிஞ்சது குடுங்கன்னு சொல்லி ஒரே ஒரு ஆளுக்குத் தனியா ஜிபேல அனுப்பச் சொல்லுங்க, யார் எவ்வளவுன்னு அவரையும் கணக்கைச் சரிபார்க்கிற இன்னொருத்தரையும் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. மொத்தச் செலவுக் கணக்கை மட்டும் குரூப்ல போடுங்க. வசதி உள்ளவங்க கூடக் குடுக்கட்டும், ஆனா பேனர்ல பேர் வேண்டாம், மேடையில நன்றி வேண்டாம்.

வாத்தியார்களைக் கூப்பிடும்போது அவங்க வீட்டு ஆளுங்ககிட்ட முதல்ல பேசுங்க, எம்பது வயசு தாண்டியிருக்கும், நடக்க முடியுமா, ஞாபகம் எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கணும். கார் அனுப்பிக் கூட்டிட்டு வந்து, கை வச்ச நாற்காலி போட்டு, காலையிலயே அவங்க நிகழ்ச்சியை முடிச்சு, டிபன் குடுத்து வெயில் ஏறுறதுக்கு முன்ன வீட்டுல விட்டுடணும். வர முடியாதவங்க வீட்டுக்கு முந்தின நாள் நாலு பேர் போயி பார்த்துட்டு வாங்க. சால்வை வாங்குறதை விட உபயோகமா ஒரு வேட்டி, சேலை எடுங்க. சத்துணவு ஆயா, அலுவலக உதவியாளர் யாராவது இருந்தா அவங்களுக்கும் அதே மரியாதை, அதே வரிசையில நாற்காலி.

அப்புறம் இந்த சுய அறிமுகம். மைக்கைக் குடுத்து பேர், வேலை, பிள்ளைங்க என்ன பண்றாங்கன்னு சொல்லச் சொல்றதுதான் எல்லா இடத்துலயும் வழக்கம், இதை மாத்தியே ஆகணும். நாங்க அட்டெண்டன்ஸ் எடுத்தோம். பழைய கிளாஸ் ரூம்ல பழைய வரிசையிலயே பெஞ்சுல உக்காந்தோம், ரைஸ்மில்லு கூட்டாளிதான் டீச்சர் மேஜைகிட்ட நின்னு ரிஜிஸ்டர் இல்லாமலே பேர் கூப்பிட்டான். கூப்பிட்டதும் எழுந்து உள்ளேன் ஐயா சொல்லி, பக்கத்துல யார் உக்காந்திருந்தாங்க, அவங்களைப் பத்தி ஒரு ஞாபகம், அவ்வளவுதான் சொல்லணும். கலெக்டர் ஆபீஸ்ல பெரிய வேலையில இருக்கிறவர் "நான் கணக்குல பாஸானதே இவளைப் பார்த்து எழுதித்தான்"னு ஒரு தோழியைக் காட்டுனார், அவங்க எட்டாவதோட நின்னு இன்னும் பீடி சுத்துறவங்க, வெக்கத்துல சேலைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டு சிரிச்சாங்க பாருங்க, அவங்க வீட்டுக்குப் போயி அதை எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பாங்க. வேலை, பதவி பத்தி எல்லாம் சாப்பிடும்போது தானா பேசிக்குவாங்க, மைக்ல வேண்டாம்.

இறந்து போனவங்க பேர் வரும்போது என்ன பண்றதுன்னு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க. அந்த வயசுல கண்டிப்பா சில பேர் இருக்க மாட்டாங்க, கொரோனாவுல போனவங்களும் உண்டு. எங்க முடிவு, பேரை விடாம கூப்பிடணும், பக்கத்து பெஞ்சுக்காரர் எழுந்து அவங்களைப் பத்தி ஒரு ஞாபகம் சொல்லணும். வீட்டு ஆளுங்களுக்கு விருப்பம் இருந்தா அவங்களையும் கூப்பிடுங்க, ஒரு கூட்டாளியோட மகன் வந்திருந்தான், அப்பா ஸ்கூல்ல எப்படின்னு அவனுக்கு அதுவரைக்கும் சொல்ல ஆளே இல்ல, எல்லாரும் சுத்தி உக்காந்து சொல்லிட்டே இருந்தாங்க. யார் இறந்தாங்கங்கிறது சந்திப்பு அன்னைக்குத்தான் சில பேருக்குத் தெரிய வருதுன்னா அது ரொம்ப அதிர்ச்சி, அதனால நெருங்குன கூட்டாளிகளுக்கு முன்னாடியே தனித்தனியா ஃபோன்ல சொல்லிடுங்க.

சாப்பாடு தரையில பந்தி போட்டு இலைச் சாப்பாடு, முட்டி வலிக்காரங்களுக்கு மேஜை. சாயங்காலம் வாசல்ல மாங்காக் கீத்து, நெல்லிக்கா, சவ்வு மிட்டாய் வாங்கி வச்சா ஐஸ்கிரீம் யாரும் கேக்க மாட்டாங்க. பஸ் பார்த்துப் போறவங்க இருட்டுறதுக்கு முன்ன கிளம்புற மாதிரி நாலரைக்கே முடிச்சிடுங்க, பொம்பளைங்களை வீடு வரைக்கும் விட வண்டி ஏற்பாடு பண்ணுங்க.

ஏழாவது: அதுக்கப்புறம்

நிறைய செட்டு சந்திப்பு முடிஞ்ச மூணாவது மாசமே அடங்கிடும். அடங்காம இருக்கணும்னா செய்யிறதுக்கு ஏதாவது வேலை இருக்கணும். ஸ்கூலுக்குச் செய்யணும்னு எல்லாருக்கும் ஆசை வரும், அரசுப் பள்ளிக்குன்னா 2022 டிசம்பர்ல ஆரம்பிச்ச நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டம் வழியா குடுக்கலாம், கையில காசா யார்கிட்டயும் குடுக்க வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவுல முன்னாள் மாணவர்களுக்கும் இடம் இருக்கு, ஊர்லயே இருக்கிற ஒருத்தர் அதுல சேர்ந்தா ஸ்கூலுக்கு நிஜமா என்ன தேவைன்னு தெரியும், ஸ்மார்ட் போர்டு வாங்கிக் குடுக்க நாம ஆசைப்படுவோம், அங்க பொம்பளப் பிள்ளைங்க கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லாம இருக்கும்.

ஸ்கூலுக்குச் செய்யிறதுக்கு முன்னாடி செட்டுக்குள்ள பாருங்க. மாசம் ஆளுக்கு நூறு ரூபா சேர்த்தாக் கூட ஒருத்தருக்கு ஆபரேஷன்னா உடனே குடுக்க ஒரு தொகை இருக்கும். குடுத்தது யாருக்குன்னு பொறுப்பில இருக்கிற ரெண்டு பேரைத் தவிர வெளிய தெரிய வேண்டாம். தனிப்பட்ட கடன் குடுக்கல் வாங்கல் குரூப் பேரைச் சொல்லி நடக்கக் கூடாது, அது நட்பை முறிச்சிடும். பணத்தை விடக் கூட இருக்கிறதுக்கு ஆள்தான் நிறைய நேரம் தேவைப்படுது, பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரி துணைக்கு இருக்க, மதுரைக்குக் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போக, பிள்ளைங்க வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கு இதெல்லாம் பெரிய உதவி.

நோட்டை மட்டும் மூடி வச்சிடாதீங்க, நம்பர், விலாசம் மாற மாற திருத்திட்டே இருங்க. 2023 டிசம்பர் 17, 18ல தாமிரபரணி வெள்ளம் வந்தப்ப கரண்ட் இல்ல, டவர் இல்ல, ஸ்ரீவைகுண்டம் பக்கம் கட்டிக்குடுத்த தோழிங்க என்ன ஆனாங்கன்னே தெரியல, அப்ப யார் எந்தத் தெருவுல இருக்காங்கன்னு நோட்டுல எழுதி வச்சதைப் பார்த்துத்தான் தண்ணி வடிஞ்சதும் பிஸ்கட்டு, பாய், தண்ணி கேன் ஏத்திட்டு ஆள் போனாங்க. பேருக்கு நேரா இன்னும் ஒண்ணும் எழுதாம இருக்கிற கட்டங்களை வருசத்துக்கு ஒரு தடவை குரூப்ல வாசிங்க, எங்களுதுல ஏழாப்புலயே நின்ன அந்தப் பிள்ளை இன்னும் கிடைக்கல, சிவகாசிப் பக்கம் வாக்கப்பட்டதா ஒருத்தர் சொன்னார், அங்க தெரிஞ்ச ஆள் மூலமா விசாரிச்சிட்டு இருக்கோம்.